மூன்று தொட்டித் தண்ணீர்

கெட்ட சேதி எதுவானாலும் காப்பி குடித்த பிறகுதான் பிரிப்பது என்பது சுப்பராமனின் கொள்கை. 1993 மார்ச்சில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பழுப்பு உறை வந்த அன்று அவர் மூன்று காப்பி குடித்தார். மூன்றாவது டம்ளர் காலியானதும் உறையைப் பிரித்தார், படித்தார், மடித்து எதிரே நின்ற ஸ்ரீரஞ்சனியிடம் நீட்டிவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஸ்ரீரஞ்சனி அவருடைய பட்டறையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வயது இருபத்து நான்கு. கிண்டியில் பொறியியல் படித்தவள். பெரிய கம்பெனிக்காரர்கள் ‘பெண் பிள்ளை, மிஷின்களுக்கு நடுவே எப்படி’ என்று இழுத்த இழுப்பில் வெறுத்துப்போய், வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தானே என்று இங்கே வந்துவிட்டாள். மந்தைவெளியிலிருந்து பக்கிங்காம் கால்வாய்ப் பக்கம் இறங்கும் ஒரு சந்தின் கடைசியில் இருந்தது பட்டறை. சைக்கிள் மணியின் மேல்மூடிக்கு நிக்கல் முலாம் போடுவது தொழில். அம்பத்தூரில் ஒரு கம்பெனி மூடிகளை மங்கலாக அனுப்பும். இவர்கள் மின்ன வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். ஒரு மூடி எந்தத் தொட்டியில் எத்தனை நிமிஷம் முங்க வேண்டும், எங்கே அலச வேண்டும், அதற்கெல்லாம் என்ன செலவு என்று எழுதி வைப்பது ஸ்ரீரஞ்சனியின் வேலை. அந்தத் தாளுக்குப் பட்டறையில் பிராசஸ் ஷீட் என்று பெயர்.

கடிதம் சொன்னது இதுதான்: பட்டறையின் அலசு தண்ணீரில் நிக்கல் அளவுக்கு மீறி இருக்கிறது, அது கால்வாயில் விழுகிறது, ஜூன் பதினொன்றாம் தேதி அதிகாரி வந்து குழாய் வாயில் தண்ணீர் பிடித்துப் பார்ப்பார், அன்றும் அப்படியே இருந்தால் மின்சாரம் துண்டிக்கப்படும், கதவுக்கு சீல் வைக்கப்படும்.

“சுத்திகரிக்கிற பிளாண்ட் போடலாம் சார்” என்றாள் ஸ்ரீரஞ்சனி.

“போடலாமே. மூணு லட்சம்னு கொட்டேஷன் வாங்கி வெச்சிண்டிருக்கேன். நீயே கணக்குப் போட்டுச் சொல்லு.”

போட்டாள். மூடிக்கு ஒன்று நாற்பது கூலி. பிளாண்டு, மருந்து, கரண்டு எல்லாம் சேர்த்தால் மூடிக்கு முப்பத்தைந்து பைசா ஏறும். அம்பத்தூருக்குப் போன் செய்தால், ஏற்றுவதாவது, லூதியானாவில் ஒன்று முப்பதுக்கே போடுகிறார்கள் என்று பதில் வந்தது. சுப்பராமன் கோபப்படவில்லை, புலம்பவும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அடுக்குமாடி கட்டுகிற ஒருவர் ஆறு மாதமாக இந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய விசிட்டிங் கார்டை சுப்பராமன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்ததை அன்று சாயங்காலம் அவள் பார்த்தாள்.

பட்டறையில் பதினான்கு பேர். எல்லாருக்கும் மூத்தவன் பொன்னுரங்கம், நாற்பத்தைந்து வயசு. பதினைந்து வயதில் வந்தவன், அப்புறம் வேறு வாசல் மிதித்ததில்லை. பக்கத்தில் கால்வாய்க் கரைக் குடிசைகளில்தான் வீடு. முலாம் ஏறிய மூடியை எடுத்து, வாயருகே வைத்து ‘ஹா’ என்று ஊதி, ஆவி படர்கிற விதத்தை வைத்தே நல்லது கெட்டது சொல்லிவிடுவான். இடம் விற்றால் அந்த மூச்சுக்கு மெட்ராஸில் யார் கூலி கொடுப்பார்கள்?

இரண்டு வாரம் ஸ்ரீரஞ்சனி செலவுப் பட்டியலை மேலும் கீழும் படித்தாள். மருந்துச் செலவில் ஒரு பைசா, கரண்டில் அரைப் பைசா என்று பிய்த்துப் பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை. ஒருநாள், எரிச்சலில், பட்டியலை மூடிவிட்டு நிக்கல் தொட்டிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சூடான பச்சைத் திரவத்திலிருந்து மூடிகள் கொத்தாக வெளியே வந்தன. அவற்றின் மேல் மெல்லியதாக அந்தப் பச்சை ஒட்டிக்கொண்டு வந்தது. நேராக அலசு தொட்டிக்குப் போயின. அங்கே லாரியில் வாங்கிய தண்ணீர் குழாய் வழியாக இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது, பச்சை கரைந்தது, தண்ணீர் வழிந்து கால்வாய்க்குப் போயிற்று.

அவள் ஒரு பீக்கரைக் கேட்டு வாங்கி, ஒரு கொத்திலிருந்து வடிவதைப் பிடித்து அளந்தாள். ஒரு நாள் வேலைக்குப் பெருக்கினாள். பத்து லிட்டர். அதிலிருக்கும் நிக்கல் எழுநூறு கிராம். மாதத்துக்குப் பதினெட்டு கிலோ சொச்சம்.

செலவுப் பட்டியலை மறுபடி திறந்தாள். நிக்கல் வாங்கும் செலவு ஒரு பக்கத்தில் இருந்தது. லாரித் தண்ணீர் வாங்கும் செலவு இன்னொரு பக்கத்தில். கால்வாயின் கேடு வாரியத்தின் கடிதத்தில். இரண்டு வாரமாக மூன்றையும் தனித்தனி வியாதியாக நினைத்து மருந்து தேடியிருக்கிறாள்! காசு கொடுத்து வாங்கிய உலோகத்தை, காசு கொடுத்து வாங்கிய தண்ணீரில் கரைத்து, இலவசமாகக் கால்வாய்க்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். செலவும் விஷமும் ஒரே பொருள். இத்தனை பெரிய உண்மை எட்டு மாதமாகக் கண்ணெதிரே வடிந்துகொண்டிருந்ததா என்று அவளுக்கு வெட்கமும் வியப்புமாக வந்தது.

வழி அவளுக்குத் தெரிந்ததுதான். கல்லூரியில் இரண்டு மார்க் கேள்வி. ஓடும் தண்ணீரை நிறுத்து. ஒரு தொட்டிக்குப் பதில் மூன்று தொட்டி வை. மூடி முதல் தொட்டியிலிருந்து மூன்றாவதுக்குப் போகட்டும். தண்ணீர் எதிர்த்திசையில், மூன்றாவதிலிருந்து முதலுக்கு வரட்டும். நிக்கல் தொட்டி சூட்டில் நாளைக்கு எழுபது லிட்டர் ஆவியாகிறது. அந்தக் குறையை முதல் அலசு தொட்டியின் தண்ணீரால் நிரப்பு, முதலை இரண்டாவதால் நிரப்பு, இரண்டாவதை மூன்றாவதால். மூன்றாவதில் மட்டும் நல்ல தண்ணீர் எழுபது லிட்டர். ஒவ்வொரு தொட்டியிலும் அழுக்கு ஏழில் ஒரு பங்காகக் குறையும். ஏழு, அதன் ஏழு, அதன் ஏழு: முன்னூற்று நாற்பத்து மூன்று. நாளைக்கு ஒரு லாரித் தண்ணீர் கொட்டிச் செய்த காரியத்தை ஐந்து குடம் தண்ணீர் செய்துவிடும். கால்வாய்க்கு ஒரு சொட்டும் போக வேண்டியதில்லை. செலவு கூடாதது மட்டுமில்லை, மூடிக்குப் பத்துப் பைசா குறையும்.

மூன்று தடவை சரிபார்த்தாள். தப்பு இல்லை. அப்புறம்தான் சுப்பராமனிடம் போனாள்.

அவர் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். “அஞ்சு குடமா?”

“அஞ்சு குடம் சார்.”

“எங்காத்துல துணி அலசவே பத்தாதேடி அது!”

பொன்னுரங்கம் அதைவிடக் கறாராக இருந்தான். “மேடம், ஓடாத தண்ணில அலசுனா மணி கறுத்துப்பூடும். நா எத்தினி வருசமா பாத்துக்கினு கீறேன். தண்ணி ஓடணும். அப்பத்தான் அயுக்கு போவும்.”

“ஒரு வாரம் செஞ்சு பாருங்க. கறுத்தா எம் மேல பழி.”

“உம் மேல பயி போட்டு நா இன்னா பண்றது? கம்பெனிக்காரன் எங்க மூஞ்சில இல்ல விசிறியடிப்பான்!”

ஆனாலும் செய்தான். முலாமுக்கு முன்னால் மூடிகளை முக்குகிற அமிலத்தைக் கழுவும் தண்ணீருக்குத் தனியாக ஒரு சுண்ணாம்புக் குழி வெட்டி அதை அடக்குவதற்கு ஏப்ரல் போயிற்று. தொட்டி கட்டி, கசிவு அடைப்பதற்கு மே போயிற்று. சென்னைக்கு அது கொடுமையான கோடை. ஏரிகளெல்லாம் வெடித்துக் கிடந்தன. தெருவுக்குத் தெரு லாரி வந்தால் குடங்கள்தான் முதலில் சண்டை போட்டன, மனுஷர்கள் அப்புறம். ஒருவழியாக ஜூன் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை, மூன்று தொட்டியில் வேலை ஆரம்பமாயிற்று. அதிகாரி வருவதற்குச் சரியாக ஆறு நாள் இருந்தது.

முதல் நாள் சாயங்காலம் முதல் தொட்டித் தண்ணீர் லேசாகப் பச்சை காட்டியது. திங்கட்கிழமை இளநீர்க்காய் நிறம். புதன்கிழமை யார் பார்த்தாலும் பச்சை என்று சொல்வார்கள். இரண்டாவது தொட்டியில் அந்தப் பச்சையின் சாயை மட்டும். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை, அடியில் கிடந்த ஒரு திருகாணி தெரிந்தது. எண்ணாக எழுதியபோது வராத பிரமிப்பு அவளுக்கு இப்போது வந்தது. ஏழு, ஏழு, ஏழு என்று காகிதத்தில் எழுதியதைத் தண்ணீர் அப்படியே கேட்டு நடக்கிறதே! இத்தனை வருஷம் கண்ணுக்குத் தெரியாமல் கால்வாயில் போய்க்கொண்டிருந்தது, போகாதே என்றதும் நின்று, முகம் காட்டுகிறது. வேலை நடுவே எழுந்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

பொன்னுரங்கம் மூன்றாவது தொட்டியிலிருந்து வந்த மூடியை எடுத்து ஊதினான். ஆவி ஒரே சீராகப் படர்ந்து ஒரே சீராக மறைந்தது. இன்னொன்றை எடுத்தான். இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு மூடி ஊதிய பிறகு முதல் தொட்டியருகே வந்து நின்றான்.

“இம்மாம் பச்ச... இதெல்லாம் நாம ஊத்திக்கினு இருந்ததா மேடம்?”

“தினமும்.”

“எங்கூட்டுப் பின்னாலதான போவுது அந்தத் தண்ணி” என்றான். அன்றிலிருந்து யாராவது முதல் தொட்டிப் பக்கம் கையை உதறினால்கூட அவன் போட்ட சத்தம் சந்து முனை வரை கேட்டது.

வியாழக்கிழமை ஐம்பது மூடி அம்பத்தூருக்குப் பரிசோதனைக்குப் போயிற்று. மறுநாள் காலை பத்து மணிக்கு அதிகாரி. ஸ்ரீரஞ்சனி நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை விடிந்து எழுந்து வந்தபோது அவள் அம்மா கூடத்தில் பித்தளைத் தவலையைக் கவிழ்த்துப் போட்டுப் புளி தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் இல்லாத ஊரில் தவலையைக் காலி பண்ணி என்ன தேய்ப்பு என்று ஸ்ரீரஞ்சனிக்குக் கடுப்பாக வந்தது.

“இருந்த தண்ணிய எங்கேம்மா கொட்டினே?”

“கொட்டலடி, வாளியில விட்டிருக்கேன். நன்னாருக்கு போ. வெள்ளிக்கிழமையும் அதுவுமா பழைய தண்ணிய வெச்சுண்டு பாத்திரத்தைத் தேய்க்காம இருப்பாளா யாராவது?”

ஸ்ரீரஞ்சனி பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு அப்படியே நின்றாள்.

பட்டறையிலும் வெள்ளிக்கிழமை பூஜை உண்டு. ஒன்பதரைக்கு அவள் போகும்போது தொட்டிகளெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூர வாசனையோடு பளிச்சென்று இருக்கும். பளிச்சென்று ஆவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அவள் யோசித்ததில்லை. அலசு தொட்டியைக் காலி பண்ணாமல் எப்படித் தேய்ப்பார்கள்? விடியற்காலையில் ஆட்கள் வருவார்கள், அடைப்பைப் பிடுங்குவார்கள், பழைய தண்ணீர் முழுக்கக் கால்வாய்க்குப் போகும், தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். வாராவாரம். ஓடுகிற தண்ணீர் இருந்த காலத்தில் அதனால் ஒன்றும் குடி முழுகவில்லை. இன்றைக்கு அந்தத் தொட்டியில் ஒரு வாரத்து நிக்கல் நிற்கிறது. அனுமதித்த அளவைப் போல் ஆயிரம் மடங்கு. பத்து மணிக்கு அந்தக் குழாய் வாயில்தான் அதிகாரி பாட்டிலை நீட்டப் போகிறார்.

அவளுடைய பிராசஸ் ஷீட்டில் மூடியின் நாள் முழுவதும் இருந்தது. தொட்டியின் வெள்ளிக்கிழமை இல்லை.

செருப்பு ஒரு காலில் மாட்டியது, ஒரு காலில் மாட்டவில்லை. அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தும் நிற்கவில்லை. மந்தைவெளித் தெருவில் பால் வாங்கி வந்தவர்கள், கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள், சுப்பராமனுக்குத் தெரிந்தவர்கள், அவளைப் பெண் பார்க்க வர இருந்தவர்களின் உறவுக்காரர்கள் எல்லாரும் பார்க்க ஓடினாள். ஆறே முக்கால் மணி. இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும் என்று மனசு சொன்னது. பதினான்கு குடும்பத்தின் சோற்றில் நானே மண்ணைப் போட்டேன் என்று ஓடும்போதே அழுதாள்.

பட்டறைக்குள் நுழைந்தால் மூன்றாவது தொட்டி கழுவி, நிரம்பி, சந்தனப் பொட்டோடு இருந்தது. இரண்டாவதும் அப்படியே. முதல் தொட்டி காலி. அதற்குள்ளே பொன்னுரங்கம் இறங்கிக் குந்தி உட்கார்ந்து, தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“ஐயோ பொன்னுரங்கம்! தண்ணி எங்க?”

அவன் நிமிர்ந்தான். அவள் கோலத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான். “இன்னா மேடம், இன்னா ஆச்சு? ஊட்ல யாருக்காவது...”

“தண்ணி! பச்சைத் தண்ணி எங்க?”

“பின்னால கீது” என்றான்.

பின்கட்டுக் கதவைத் தள்ளினாள். கால்வாய்ச் சுவரை ஒட்டி, வெயில் அப்போதுதான் விழுந்துகொண்டிருந்த முற்றத்தில், வரிசையாகக் குடங்கள். நீலம், ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் என்று பிளாஸ்டிக் குடங்கள், இரண்டு வரிசை, வரிசைக்குப் பதின்மூன்று. ஒவ்வொன்றின் கழுத்து வரையிலும் பச்சைத் தண்ணீர். ஒரு குடம்கூடச் சிந்தவில்லை, தரை காய்ந்து கிடந்தது. வரிசையின் தலைமாட்டில் துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பொன்னுரங்கத்தின் மனைவி பாஞ்சாலி. ஸ்ரீரஞ்சனி அவளை இரண்டொரு தடவை பார்த்திருக்கிறாள்.

“கிட்ட வராத! யாரா இருந்தாலும் கால ஒடச்சுருவேன்...” என்று ஆரம்பித்த பாஞ்சாலி, ஆளைப் பார்த்ததும் எழுந்தாள். “யம்மா, நீயா. புள்ளைங்க எதுனா குட்ச்சிரப் போவுதுன்னு காவலுக்குக் குந்திக்கினு கீறேன்.”

பொன்னுரங்கம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். “வெள்ளிக்கெயம தொட்டி கய்வாம வேல ஆரம்பிக்க நமக்கு மனசு வராது மேடம். அம்மனுக்குச் செய்யறது. அத்தயும் உட முடியாது, இந்தத் தண்ணியயும் உட முடியாது. இன்னா பண்றது? எங்க ஆளுங்க ஊட்ல எல்லாம் போய் கொடம் கேட்டேன். மொதல்ல மூணாவது தொட்டிய எறச்சி, கய்வி, திருப்பி ஊத்தினோம். அப்புறம் ரெண்டாவது. அப்புறம் இது. அயுக்க மொதல்ல மொண்டா, நல்ல தண்ணியும் கெட்டுப்பூடும் பாரு.”

சுத்தமானதிலிருந்து அழுக்கை நோக்கி. அவள் இரண்டு மார்க்குக்குப் படித்த அதே வரிசை. யாரும் சொல்லாமல், இருபத்தாறு குடங்களை வைத்துக்கொண்டு, இருட்டு பிரிவதற்குள் செய்து முடித்திருக்கிறார்கள்.

ஸ்ரீரஞ்சனி அந்த வரிசையைப் பார்த்தபடி நின்றாள். வெயில் குடங்களுக்குள் புகுந்து பச்சையை ஒளிர வைத்தது. கோயிலில் திரை விலகும்போது கையெடுத்துக் கும்பிடுகிறோமே, அப்படி அவள் கை தானாக எழுந்தது. யாரும் பார்ப்பதற்குள் கண்ணைத் துடைக்கிற மாதிரி மாற்றிக்கொண்டாள்.

அவளும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடம் சுமந்தாள். கழுவிய முதல் தொட்டிக்குள் பச்சைத் தண்ணீர் திரும்பிப் போயிற்று. நார் தேய்த்த தண்ணீர்கூடக் குடத்தோடுதான் உள்ளே போயிற்று. பொன்னுரங்கம் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினான். பெண்கள் வந்து அவரவர் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்போது ஸ்ரீரஞ்சனிக்கு நினைப்பெல்லாம் பத்து மணியின் மேல் இருந்தது.

கருணாகரன் என்ற அந்த அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார். ஒல்லி, கறார், யார் வீட்டிலும் காப்பி குடிக்காதவர். நேராகக் கால்வாய்ப் பக்கம் போய்க் குழாய் வாய்க்கு அடியில் பாட்டிலை நீட்டினார். ஒன்றும் விழவில்லை. ஐந்து நிமிஷம் நீட்டியபடி நின்றார். குனிந்து குழாய்க்குள் பார்த்தார். உள்ளே ஒரு சிலந்தி வலை பின்னியிருந்தது.

“தண்ணியை நிறுத்தி வெச்சிருக்கீங்களா? நான் போனப்புறம் திறந்து விடறதுக்கா?”

ஸ்ரீரஞ்சனி அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய் வேலையைக் காட்டினாள். நிக்கல் தொட்டியில் குறைந்ததை முதல் தொட்டி நிரப்பியது, முதலை இரண்டாவது, இரண்டாவதை மூன்றாவது. அவர் முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார். அப்புறம் பேனாவை மூடினார். அப்புறம் மூன்று தொட்டிகளுக்கும் நடுவே முன்னும் பின்னுமாக நடந்து, சின்னப் பையன் மாதிரி ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்த்தார். “கால்வாய்க்குப் போறதுக்கு ஒண்ணுமே மிச்சமில்லையேம்மா” என்று மெதுவாகச் சொன்னார். பேச்சு வாக்கில் அவரும் ஒரு காப்பி குடித்துவிட்டார்.

பதினொன்றரைக்கு அம்பத்தூரிலிருந்து போன். ஐம்பது மூடியும் தேறிவிட்டது. சுப்பராமன் மேஜைக் கண்ணாடியைத் தூக்கி விசிட்டிங் கார்டை உருவிக் குப்பையில் போட்டார். மயிலாப்பூருக்கு ஆளனுப்பி இனிப்பு வரவழைத்தார். “அடி அசடே, நாளைக்கு அஞ்சு குடம்! அஞ்சே குடம்!” என்று ஆளாளுக்கு நிறுத்திச் சொன்னார். ஸ்ரீரஞ்சனி வாய் நிறைய ஜாங்கிரியோடு சிரித்துக்கொண்டே இருந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

இரண்டு மணிக்கு, கூச்சல் அடங்கிய பிறகு, பிராசஸ் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். விட்டுப்போன வெள்ளிக்கிழமையைச் சேர்க்க வேண்டும். ‘வாரம் ஒரு முறை. மூன்றாவது தொட்டியில் தொடங்கி முதல் தொட்டி வரை. இறைத்து, கழுவி, திருப்பி ஊற்றவும்’ என்று எழுதினாள். பக்கத்துக் கட்டத்தில் ‘தேவையான சாமான்: குடம் 26’ என்று எழுதினாள். அடுத்த கட்டம் செலவு.

பேனா அங்கே நின்றது.

அவை குடிக்கிற தண்ணீர் பிடிக்கிற குடங்கள். அந்த வீடுகளில் வேறு குடம் கிடையாது. அந்தப் பச்சை ஊறிய பிளாஸ்டிக்கை எத்தனை கழுவினாலும் வாயில் வைக்கக் கூடாது. ஏழரை மணிக்கு அவை வீட்டுக்குப் போயின. பகல் பன்னிரண்டுக்குக் கால்வாய்க் கரைக்கு லாரி வரும். மணி இரண்டு. இத்தனை நேரம் அவள் ஜாங்கிரி தின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கு இரண்டாவது தடவையாக ஓடினாள். குடிசைகளுக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டுப் போனாள். லாரி வந்து போன ஈரம் மண்ணில் தெரிந்தது. போகப் போக ஒரு நாற்றம், பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். பாஞ்சாலியின் வாசலில் மூன்று கல்லை வைத்து அடுப்பு எரிந்தது. நெருப்பில் ஒரு இரும்புக் கம்பி செக்கச் சிவந்து கிடந்தது. ஒரு பக்கம் ஓட்டைக் குடங்கள், எல்லாவற்றுக்கும் அடியில், இனி யாரும் தண்ணீர் பிடிக்க முடியாதபடி, கட்டைவிரல் நுழைகிற அளவுக்குக் கருகிய துளை. அவற்றில் பாஞ்சாலியின் நான்கு குடமும் இருந்தன. பக்கத்து வீட்டுப் பெண்கள் மீதிக் குடங்களோடு காத்துக்கொண்டிருந்தார்கள். குடங்களுக்குப் பதிலாகச் சோற்று அண்டாக்களும் ஒரு தகர டின்னும் லாரித் தண்ணீர் நிரம்பி வாசலில் நின்றன.

ஸ்ரீரஞ்சனிக்கு மூச்சு வாங்கியது. “பாஞ்சாலி, இந்தக் குடத்துல... இனிமே தண்ணி... அதச் சொல்லத்தான் ஓடி வந்தேன்...”

பாஞ்சாலி கம்பியை எடுத்து அடுத்த குடத்தின் அடியில் வைத்து அழுத்தினாள். புகை எழுந்தது. அவள் குரலில் கோபம் இல்லை, குத்தல்கூட இல்லை.

“நீ வந்து சொல்றவரிக்கும் புள்ளைங்களுக்குத் தாகம் எடுக்காம இருக்குமாம்மா?”

ஸ்ரீரஞ்சனி அவளெதிரே மண்ணில் உட்கார்ந்தாள். காத்திருந்த குடங்களில் ஒன்றை இழுத்துக் கவிழ்த்து, ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொடுத்தாள்.